வெடிப்பலாவை அளந்து எழுதியது

பதினொன்றாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். வருடா வருடம் சங்குப்பூவையும் ஊமத்தையையும்தான் விவரிக்கிறோம். இரண்டும் வேலியோரத்தில் கிடைக்கும், கைக்குள் அடங்கும், பிளேடும் லென்ஸும் இருந்தால் ஒரு பாடவேளையில் வேலை முடிந்துவிடும். போன வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "பெரிய மரமாக இருந்தால் எப்படி சார் விவரிப்பது? ஏணி வைத்தா?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிற நான் ஒரு காட்டு மரத்தைக்கூட அடி முதல் நுனி வரை விவரித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் இருக்கவில்லை. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. தேயிலைக்கு நடுவே திட்டுத் திட்டாக மழைக்காடு மிச்சமிருக்கிறது. அந்தத் திட்டுகளில் அண்ணாந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெடிப்பலா. அறிவியல் பெயர் குல்லேனியா எக்ஸாரில்லாட்டா. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. ஏறத்தாழ 600 மீட்டரிலிருந்து 1,400 மீட்டர் உயரம் வரை, தெற்குப் பகுதியின் பசுமைமாறாக் காடுகளில்தான் இதன் ஆட்சி. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் வரைந்த தாவர வரைபடங்களில் இந்த வகைக் காட்டின் பெயரே குல்லேனியாவில்தான் தொடங்குகிறது. அந்தப் பெயரில் அடுத்து வருவது நாங்கு மரம், அதற்கடுத்துப் பாலி மரம். இன்னொரு காரணம் கொஞ்சம் சோம்பேறித்தனமானது. இந்த மரம் தன்னிடமிருப்பதையெல்லாம் கீழே உதிர்த்துக்கொண்டே இருக்கும். அல்லது மேலே இருப்பவர்கள் உதிர்ப்பார்கள். அவர்களைப் பற்றிப் பிறகு.

மரத்தில் ஏறுவதில்லை, பச்சைக் கிளை எதையும் ஒடிப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். அரசுக் காட்டில் மாதிரி எடுக்க வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். நான் போனது தனியார் தோட்டத்துக்குள் இருக்கும் ஒரு சிறு காட்டுத் துண்டு. மேலாளரிடம் சொல்லிவிட்டு, அங்கே நெடுநாள் காவல் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்த ஆள் இல்லாமல் அங்கே நுழைவது அறிவீனம்.

பையில் இருந்தவை: 30 மீட்டர் டேப், தையற்காரர் டேப், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பிளேடு, பழைய செய்தித்தாள், இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகள், இறுக்கிக் கட்ட என் மகனின் பழைய பள்ளிக்கூட பெல்ட் இரண்டு, ஒரு பாட்டில் ஸ்பிரிட், பென்சில். பேனா வேண்டாம். மழைக்காட்டில் மை, எழுதியவனுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிடும். உயரம் பார்க்க, பெட்டியிலிருந்த பிளாஸ்டிக் கோணமானியின் நடுவில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டிருந்தேன். அட்டைப்பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர் பெரியவர் கொண்டுவந்தார்.

பிப்ரவரி: 41 மீட்டர் மரம்

உயரம் அளப்பது எளிது என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். மரத்திலிருந்து தூரத்தை அளந்து, உச்சியைப் பார்க்கும் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கி, கண்மட்டத்தைக் கூட்டினால் போதும். சரிவில் இறங்கி நின்றேன். அங்கிருந்துதான் உச்சி மறைப்பில்லாமல் தெரிந்தது. டேப்பைத் தரையோடு தரையாக இழுத்து 25 மீட்டர் அளந்தேன். கோணம் 58 பாகை. 25-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 40. என் கண்மட்டம் ஒன்றரை மீட்டர். 41.5 மீட்டர் என்று பெருமையாக அறிவித்தேன்.

பெரியவர் மரத்தை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். "இவ்வளவு இருக்காதே சார். அந்தப் பக்கத்தில் இதே அளவில் ஒரு மரம் ஒரு காற்று மழையில் சாய்ந்தது. அடியிலிருந்து நுனிவரை எட்டு வைத்து நடந்தேன். நாற்பது எட்டுதான் வந்தது" என்றார்.

அவருடைய எட்டு எவ்வளவு என்று டேப்பை விரித்து நடக்கவைத்துப் பார்த்தேன். பத்து எட்டுக்கு ஏழு மீட்டர். அப்படியானால் நாற்பது எட்டுக்கு 28 மீட்டர்.

தவறு எங்கே என்று பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. சரிவில் டேப்பை இழுத்தால் கிடைப்பது சாய்ந்த தூரம், கணக்குக்கு வேண்டியது கிடைமட்டத் தூரம். அது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை, மரத்தின் அடி என் கண்ணுக்கு மேலே இருந்தது. அந்த உயரத்தைக் கழிக்காமல் மலையின் ஒரு பகுதியையும் மரத்தோடு சேர்த்து அளந்திருக்கிறேன். இரண்டாம் தடவை சரிவின் குறுக்கே, ஏறக்குறைய மரத்தின் அடிமட்டத்திலேயே நடந்து, டேப்பை மட்டமாகப் பிடித்து 20 மீட்டர் வைத்தேன். உச்சிக்கு 52 பாகை, அடிக்குக் கீழ்நோக்கி 8 பாகை. 25.6-உம் 2.8-உம் சேர்ந்து 28.4 மீட்டர். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலையை மடித்தார். மலையில் மரம் அளப்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: உச்சிக்கு ஒரு கோணம், அடிக்கு ஒரு கோணம். ஒன்றோடு நிறுத்தினால் மலை வந்து மரத்தில் ஏறிக்கொள்ளும்.

சுற்றளவிலும் ஒரு சிக்கல். மார்பு உயரத்தில், அதாவது தரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டரில் அளப்பது வழக்கம். அந்த உயரத்தில் இந்த மரத்துக்கு அடிமரமே இல்லை. பலகை பலகையாகப் புடைத்த வேர்கள்தான் இருந்தன. டேப்பைச் சுற்றினால் பலகைகளுக்கு நடுவிலிருக்கும் வெற்றிடத்தையும் சேர்த்து அளக்கும். பலகை முடிந்து தண்டு உருண்டையான இடம் 2 மீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே 2.64 மீட்டர். 'பலகை வேருக்கு மேல்' என்று பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் எண்ணுக்கு மதிப்பில்லை. பட்டை சாம்பல் கலந்த வெண்மை, தொட்டால் வழவழப்பு, அடிப்பக்கத்தில் மட்டும் செதில் செதிலாக உரிந்திருந்தது. பட்டையை வெட்டி உள்நிறம் பார்ப்பது தாவரவியலாளர்களின் பழக்கம். நான் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக யானை தந்தத்தால் கீறிய பழைய வடு ஒன்று இருந்தது, மங்கிய சிவப்பு. அதையே எழுதிக்கொண்டேன்.

துரு அல்ல, குடை

இலையில்தான் நிறைய நேரம் போனது, போனதில் வருத்தமும் இல்லை.

கீழே கிடந்த சிறுகிளைகளைப் பொறுக்கினேன். இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக, கிளையின் இரண்டு பக்கமும் ஒரே தளத்தில் அடுக்கியிருந்தன. கிளையைப் பிடித்துத் தூக்கினால் விசிறி மாதிரி தட்டையாக நிற்கும். மேற்புறம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்த கரும்பச்சை. திருப்பினால் வேறொரு இலை: வெள்ளியும் செம்பும் கலந்த மினுக்கம். காற்றில் உச்சி அசையும்போது மரம் நிறம் மாறுவதுபோல் தோன்றுவது இதனால்தான். நோட்டில் 'அடிப்புறம் துருநிற ரோமம் அடர்ந்தது' என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அன்று இரவு தங்கிய அறையில் லென்ஸை வைத்துப் பார்த்தபோது ரோமம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அங்கே இல்லை. இலையின் தோல்மேல் நுண்ணிய வட்டத் தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கூரை ஓடுபோல் வேய்ந்திருந்தன. ஒவ்வொரு தட்டுக்கும் விளிம்பு நெடுக நுண்ணிய கீறல்கள். ஊசியால் ஒன்றை நிமிண்டினேன். தட்டு ஓரத்தில் ஒட்டியிருக்கவில்லை, நடுவில் ஒரு குட்டைக் காம்பால் நின்றது. விரித்த குடை. சில குடைகள் நிறமற்றவை, அவைதான் வெள்ளி. சில செம்பழுப்பு. இரண்டும் கலக்கும் விகிதம் இலைக்கு இலை மாறுவதால், சில இலைகள் வெண்மையாகவும் சில செம்புத் தகடுபோலவும் தெரிகின்றன. நகத்தால் சுரண்டினால் பொடியாக வந்துவிடும், அடியில் சாதாரணப் பச்சைத் தோல்.

'ரோமம்' என்பதை அடித்துவிட்டு 'கேடயச் செதில்' என்று எழுதினேன். குடைச்செதில் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பாடநூலில் பழகிய சொல்லை மாற்றினால் மாணவர்கள்தான் அவதிப்படுவார்கள். இந்த ஒரு செதில் சாதாரண விவரம் இல்லை. வெடிப்பலாவுக்கு உறவான, முள்தோல் பழம் தரும் டூரியன் மரத்தின் குடும்பத்தாருக்குக் கைரேகை மாதிரி அது. நீலகிரியில் உள்ள பர்லியார் அரசுப் பழப்பண்ணைப் பக்கம் போகிறவர்கள் அங்குள்ள டூரியன் மர இலையைத் திருப்பிப் பாருங்கள், இதே மினுக்கம் தெரியும்.

20 இலைகளை அளந்தேன். நீளம் 9.2 முதல் 18.5 செ.மீ., அகலம் 3.1 முதல் 5.8 செ.மீ. நுனி வால்போல் நீண்டு கூர்ந்திருந்தது. மழை வழியும்போது சொட்டு அங்கிருந்துதான் விழுகிறது. ஓரத்தில் வெட்டோ பல்லோ இல்லை. பக்க நரம்புகள் சுமார் 12 இணை. காம்பு 1.2 முதல் 2.4 செ.மீ. அளக்கும்போது காம்பைப் பற்றி நீளத்தைத் தவிர வேறொன்றையும் நான் எழுதிக்கொள்ளவில்லை. இதற்குப் பின்னால் அனுபவித்தேன்.

இதழ்களைத் தேடி

பிப்ரவரி, பூக்காலம். மரத்தடி முழுவதும் மங்கிய பழுப்பு நிறக் குழாய்கள் சிதறிக் கிடந்தன. தடிமனான, சதைப்பற்றான குழாய்கள், பல பாதி கடிபட்டவை. நான் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோதே ஒன்று தலையில் விழுந்தது. மேலே கருமந்திக் கூட்டம். பெரியவர் சிரித்தார். "இந்த மாதத்தில் வேறு பழம் அவ்வளவாக இருக்காது சார். சோலைமந்தி, கருமந்தி, மலையணில், எல்லாவற்றுக்கும் இந்தப் பூதான் சோறு. ராத்திரியில் வௌவால் வரும், மரநாய் வரும்."

ஆய்வாளர்களும் களக்காடு முண்டந்துறைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்து இதைத்தான் சொல்லியிருக்கிறார்கள். பூவின் சதைப்பற்றான உறைக்காகப் பாலூட்டிகள் வருகின்றன, மகரந்தம் கடத்துவதில் வௌவாலுக்குப் பெரிய பங்கு உண்டு. பூக்கள் இலைக்கூட்டத்துக்குள் ஒளிந்திருப்பதில்லை. இலை உதிர்ந்த முதிர்ந்த கிளைகளின் மேல், சிறு முடிச்சுகளிலிருந்து கொத்துக் கொத்தாகப் புறப்படுகின்றன. பலாவுக்கு அடிமரத்தில் காய்ப்பதுபோல, இதற்குக் கிளையில். பறந்து வருகிறவனுக்கும் தாவி வருகிறவனுக்கும் இலை குறுக்கே நிற்காது.

கடிபடாத பூ ஒன்றைத் தேடி எடுத்து, பலகையில் வைத்துப் பிளேடால் நெடுக்கில் பிளந்தேன். நுனிவரை ஐந்து செ.மீ. அளவு. வெளியே ஒரு குட்டையான உறை, உள்ளே ஐந்து பற்கள் கொண்ட நீண்ட குழாய், அதற்குள் மகரந்தத்தாள்கள். 'வெளியுறை புல்லிவட்டம், உட்குழாய் அல்லிவட்டம், ஐந்து இதழ்கள் இணைந்தவை' என்று மளமளவென்று எழுதினேன். இருபது வருடப் பழக்கம். பூ என்றால் பச்சையாக ஒரு வட்டம், அதற்குள் நிறமாக ஒரு வட்டம்.

பிறகு அந்த 'அல்லி'யின் முதுகில் லென்ஸை வைத்தேன். குடைகள். இலையில் பார்த்த அதே செதில்கள், நெருக்கமாக. இதழின் மேல் இவை ஏன் வரவேண்டும் என்று சந்தேகம் வந்தது. இன்னும் நான்கு பூக்களைப் பிளந்தேன். ஒன்றிலும் குழாய்க்கும் மகரந்தத்தாளுக்கும் நடுவில் வேறு வட்டம் இல்லை. இதழ் என்று நான் எழுதியது புல்லிவட்டம். புல்லி என்று எழுதியது அதற்கும் வெளியே இருக்கும் புறப்புல்லி. செம்பருத்திப் பூவின் அடியில் பச்சை இழைகளாகச் சுற்றி நிற்குமே, அதேதான், இங்கே ஒரு உறையாக ஒட்டிப்போயிருக்கிறது. வெடிப்பலாவுக்கு இதழே கிடையாது.

செம்பருத்தியைச் சொன்னது சும்மா இல்லை. இரண்டும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே பெருங்குடும்பம், மால்வேசி. பருத்தி, வெண்டை, இலவம் எல்லாம் அதில் உறவு. செம்பருத்தியில் மகரந்தத்தாள்கள் ஒரே குழாயாக இணைந்து சூல்தண்டைச் சுற்றி நிற்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இங்கேயும் குழாய்தான், ஆனால் மேலே போய் ஐந்து கிளையாகப் பிரிகிறது. ஒவ்வொரு கிளையிலும் கடுகைவிடச் சிறிய மகரந்தப் பைகள் உருண்டைக் கொத்தாக. நடுவே சூல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. சூலகத்தைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறைகள். இன்னும் நெருங்கிய உறவு ஒன்று நம் நாட்டு மருந்துக் கடையில் இருக்கிறது: முறுக்கிய திருகாணி போன்ற வலம்புரிக்காய். டூரியனும் வெடிப்பலாவும் வலம்புரியின் துணைக்குடும்பத்தில்தான் வருகின்றன. பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

பூக்களைப் பலகையில் வைத்து அழுத்தியது வீண். சதை அதிகம், மூன்றாம் நாள் கறுத்துக் கூழாகிவிட்டன. ஸ்பிரிட்டில் போட்ட நான்கு பூக்கள் நிறம் இழந்தாலும் உருவம் இழக்கவில்லை. தரையில் தானாகக் காய்ந்து சுருங்கிய பூக்களும் உதவின. கொதிக்கும் நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு ஐந்து நிமிடம் வைத்தால், அப்பளம்போல் விறைத்திருந்தது மறுபடி மெதுவாகி, பிளேடுக்கு இணங்கியது.

பெயர்கள்

குல்லேனியா என்னும் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர். அந்நாளில் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளில் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷாரின் பிரதிநிதியாக இருந்த ஜெனரல் வில்லியம் கல்லனின் நினைவாக வைத்தார். இலங்கையில் இதன் சகோதரி உண்டு, சிங்களத்தில் கட்டபொட. அதையும் நம்முடையதையும் நெடுங்காலம் ஒரே மரமாகவே எழுதிவந்தார்கள். பழைய நூல்களில் குல்லேனியா எக்செல்சா என்று வருவது அந்தக் குழப்பத்தில்தான். 1970-இல் ஆந்த்ரே ரொபைன்ஸ் என்ற பெல்ஜியத் தாவரவியலாளர் நம் மலையின் மரத்தைத் தனியே பிரித்தார். பிரித்ததற்கு ஆதாரம் பெயரிலேயே இருக்கிறது. ஜாதிக்காயைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வலை இருக்கிறதே, ஜாதிபத்திரி, அந்த மாதிரி விதையைப் போர்த்தும் சதையைத்தான் 'ஏரில்' என்கிறார்கள். டூரியனில் காசு கொடுத்துத் தின்பது அதைத்தான். எக்ஸாரில்லாட்டா என்றால் பத்திரி இல்லாதது. தமிழ்ப் பெயர் வைத்தவர்கள் லத்தீனுக்குப் போகாமல் காது கொடுத்திருக்கிறார்கள்: பழம் காய்ந்தால் வெடிக்கும். மலையாளத்திலும் வெடிப்பிலாவுதான்.

ஜூலை: மழையும் பூஞ்சையும்

பத்திரி இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கப் பழம் வேண்டும். அது தென்மேற்குப் பருவமழையில்தான் முதிரும். ஜூலையில் மறுபடி ஏறினேன். அந்த மூன்று நாளும் மழை விடவே இல்லை. நோட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டின, அட்டைகள் காலுறைக்குள் வாடகை இல்லாமல் குடியிருந்தன.

பழம் உருண்டை, குறுக்களவு 11 செ.மீ., முழுக்கக் கூரிய முள். தூக்கிப் பார்க்கும்போதே கையைக் குத்தியது. கிடைத்தவற்றில் பல, பிஞ்சிலேயே பிய்க்கப்பட்டவை. சோலைமந்தி முள்ளைப் பொருட்படுத்தாமல் பிளந்து விதையை எடுத்துவிடுகிறது. முற்றி வெடித்த ஒன்றில் ஐந்து பிளவுக் கோடுகள் தெரிந்தன. பூவில் எண்ணிய ஐந்து சூலறைகள் இங்கே கணக்குக்கு வந்தன. உள்ளே செம்பழுப்பு விதைகள், பலாக்கொட்டையைவிடச் சற்றுப் பெரியவை, வழவழப்பானவை. சுற்றிலும் சதை எதுவும் இல்லை. பெயர் சரி.

அப்போது எடுத்த இலைக்கிளைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தித்தாளில் வைத்துக் கட்டினேன். பிப்ரவரியில் கட்டியவை ஒழுங்காகக் காய்ந்திருந்ததால் இதிலும் அலட்சியம். நான்காம் நாள் பிரித்தபோது இலைக்கு மேல் வெள்ளைப் பஞ்சு, காம்புகள் கிளையிலிருந்து கழன்று தனித்தனியாக. மூன்று கிளைகளும் குப்பைக்குப் போயின. அடுத்த முறை கிளையைப் பொறுக்கிய இடத்திலேயே செய்தித்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, ஸ்பிரிட்டை ஊற்றி வாயைக் கட்டிக் கொண்டுவந்தேன். ஈரக்காட்டில் மாதிரி சேகரிப்பவர்களின் பழைய உபாயம் அது. உயிரணுக்கள் உடனே செத்துவிடுவதால் இலை கழல்வதில்லை, பூஞ்சைக்கும் இடமில்லை. வீட்டில் ஒரு மரப்பெட்டியின் அடியில் 100 வாட் பல்ப் மாட்டி, மேலே கம்பிவலையில் அந்தத் தாள் கட்டினை நிறுத்திவைத்தேன். தாளைத் தினமும் மாற்றினேன். ஒரு நாள் தாளின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. அன்று முதல் இரவில் விளக்கை அணைத்துவிடுவேன். ஸ்பிரிட்டில் நனைந்த தாளும் பல்பும் ஒரே பெட்டியில் இருக்கும் என்றால், முதலில் ஒரு நாள் காற்றில் ஆறவிட்டுவிட்டுத்தான் பெட்டியில் வைக்க வேண்டும். ஆறு நாளில் காய்ந்தது. செதிலின் மினுக்கம் அப்படியே நின்றது.

விதைகளிலும் ஒரு பாடம். பாதியைக் காகித உறையில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன், அவரை விதையை வைப்பதுபோல. பாதியை ஈர மணலில் புதைத்தேன். மணலில் இருந்தவை முளைவேர் விட்டன. இழுப்பறையில் இருந்தவை சுருங்கி, ஆட்டினால் கிலுகிலுத்தன. மழைக்காட்டுப் பெருவிதைகளுக்குக் காய்ந்து காத்திருக்கும் பழக்கமே இல்லை. விழுந்த இடம் எப்போதும் ஈரமாக இருக்கும் என்ற நம்பிக்கையில் உருவானவை.

எழுதியது

எல்லாப் பயணத்தின் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். மூன்று பக்கம் வந்தது, அதை அரைப் பக்கமாக்கினேன். சுருக்கும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் எத்தனை நாளைத் தின்றிருக்கிறது என்று தெரிந்தது. 'இதழ்கள் இல்லை' என்ற இரண்டு சொல்லுக்கு ஐந்து பூக்கள்.

"பலகை வேர்கள் கொண்ட பெருமரம், உயரம் 28 மீ., பலகை வேருக்கு மேல் சுற்றளவு 2.64 மீ. பட்டை சாம்பல் வெண்மை, வழவழப்பு, முதிர்ந்த பகுதியில் செதிலாக உரியும். இளங்கிளைகளில் பொன்பழுப்புக் கேடயச் செதில்கள். இலைகள் தனியிலை, மாற்றமைவு, இருவரிசை, காம்பு 1.2–2.4 செ.மீ.; இலைப்பரப்பு 9.2–18.5 செ.மீ. நீளம், 3.1–5.8 செ.மீ. அகலம், நீள்வட்டம் முதல் நீள்சதுர ஈட்டி வடிவம், நுனி வால்போல் கூரியது, ஓரம் முழுமை, தோல் போன்றது. மேற்புறம் பளபளப்பு, அடிப்புறம் வெள்ளி அல்லது செம்பு நிறக் கேடயச் செதில்கள். பக்க நரம்புகள் சுமார் 12 இணை. பூக்கள் முதிர்கிளைகளின் முடிச்சுகளில் கொத்தாக; புறப்புல்லி உறை போன்றது; புல்லிவட்டம் குழாய், சதைப்பற்றானது, ஐந்து பற்கள், செதிலுடையது; இதழ்கள் இல்லை. மகரந்தத்தாள்கள் குழாயாக இணைந்து மேலே ஐந்தாகப் பிரிந்தவை. சூலகம் ஐந்து அறை. கனி முள்ளுடைய உருண்டை வெடிகனி, குறுக்கு 11 செ.மீ. விதைகள் செம்பழுப்பு, பத்திரி அற்றவை. பூ: பிப்ரவரி. கனி: ஜூலை."

காய்ந்த கிளையை அட்டைத்தாளில் நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் இடம், உயரம், தேதி எழுதிய சீட்டை ஒட்டினேன். அதை எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல உலர்தாவரகத்துக்கு ஒரு சனிக்கிழமை விசாரித்துவிட்டுப் போய், அங்கே உலர்த்தி ஒட்டிவைத்திருக்கும் வெடிப்பலாத் தாள்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பொருந்தியது. அந்தத் தாள்களின் முன்னால் என் தையல் மட்டும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

சோதனை

விவரணை சரியா என்று பார்க்க ஒரே வழிதான் தோன்றியது. மரத்தைப் பார்த்தேயிராத ஒருவர், எழுத்தை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஏணி கேட்ட மாணவியையும் அவளுடைய தோழியையும், அவர்கள் வீட்டாரோடு, ஒரு விடுமுறை நாளில் மேலே அழைத்துப் போனேன். கையில் அரைப் பக்கத் தாள். மரத்தைக் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல் பத்து நிமிடம் இருவரும் அண்ணாந்தபடியே நடந்தார்கள். 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலையின் அடிப்புறச் செதிலை யாரால் பார்க்க முடியும்? என் தாள் அந்தத் தகவலைத்தான் முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு தோழி தரையைப் பார்க்கத் தொடங்கினாள். உதிர்ந்த சருகுகளைப் புரட்டி, செம்பு மினுங்கிய ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அங்கிருந்து பலகை வேர், வெண்பட்டை என்று பிடித்து மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

ஏணி கேட்டவள் அதற்குள் வேறு பக்கத்திலிருந்து இன்னொரு இலையோடு வந்தாள். அடிப்புறம் பளிச்சென்ற வெள்ளி. "இதுதானே சார்? கேடயச் செதில் இருக்கிறது, லென்ஸில் பார்த்துவிட்டேன்." வாங்கிப் பார்த்தேன். செதில் இருந்தது, குடையேதான். ஆனால் அது குரோட்டன் இனத்து மரம் ஒன்றின் இலை. ஆமணக்குக் குடும்பம். செதில் வைப்பது டூரியன் கூட்டத்துக்கு மட்டும் எழுதிக்கொடுத்த உரிமை இல்லை என்பதை நான் மறந்துவிட்டிருந்தேன். என் தாளில் இருந்த எதை வைத்தும் அவளைத் தவறு என்று சொல்ல முடியவில்லை. நீளம் பொருந்தியது, மாற்றமைவு பொருந்தியது.

இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று பேரும் குனிந்தோம். காம்பு இலைப்பரப்பைத் தொடும் இடத்தில் குரோட்டனுக்கு இரண்டு சிறு மணிகள், சுரப்பிகள். வெடிப்பலாவில் அவை இல்லை. அதற்குப் பதிலாகக் காம்பின் நுனி சற்றே வீங்கியிருந்தது, விரல் முட்டிபோல. பிப்ரவரியில் 20 காம்புகளை அளந்தபோது டேப்பின் எண்ணை மட்டும் பார்த்தவன் நான்.

"நீங்கள் எழுதவே இல்லையே சார்" என்றாள் அவள்.

பென்சிலை அவளிடமே கொடுத்தேன். தாளை முதுகுப்பையின்மேல் வைத்து, 'காம்பு 1.2–2.4 செ.மீ.' என்பதற்குப் பக்கத்தில் நுணுக்கி எழுதினாள்: 'நுனி வீங்கியது, சுரப்பிகள் இல்லை.'